அக்கரைக் கதைகளில் தாயும் மகனும்

சிங்கள நாட்டார் கதைகள் பல ‘ஏகோமத் ஏக ரட்டக்க’ என்று தொடங்கும். ‘ஒரே ஒரு நாட்டில்’ என்று அதற்குப் பொருள். ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று கதை கேட்டு வளர்ந்த தமிழருக்கு அந்தத் தொடக்கம் வேற்றுமொழியாகவே படாது. அந்த ஒரே ஒரு நாட்டில் அடிக்கடி தென்படுவது ஒரு குடிசை, ஒரு கைம்பெண், அவள் பெற்ற ஒரே மகன். தகப்பன் கதை தொடங்கும் முன்பே செத்திருப்பான், அல்லது பரதேசம் போயிருப்பான், அல்லது அவன் யார் என்பதே மகனுக்குத் தெரிந்திருக்காது. ‘அம்மா’ என்ற சொல் இரு மொழிக்கும் பொது. அந்தச் சொல்லைச் சுற்றி அக்கரையில் கட்டப்பட்ட கதைகளைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: தாய் மகனை எவ்வளவு நேசித்தாள் என்று அவை அளந்துகொண்டிருப்பதில்லை. மகன் வாசலைத் தாண்டும் நேரத்தில் அவளிடம் விடை பெற்றானா, பெறாமல் போனானா என்பதில்தான் கதையின் கண் இருக்கிறது.

இந்தக் கதைகள் இன்று மூன்று வழியாகக் கிடைக்கின்றன. முதலாவது பாலி மொழியிலுள்ள மகாவம்சமும் அதைப் பின்பற்றிய சிங்கள வரலாற்று நூல்களும். துறவிகள் எழுதியவை என்றாலும், அவற்றின் தொடக்க இயல்களில் இருப்பது பெரும்பாலும் ஊர்க்கதைதான். இரண்டாவது புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள். 14-ஆம் நூற்றாண்டில் அவை ‘பன்சிய பனஸ் ஜாதக பொத’ என்ற பெயரில் சிங்களத்துக்கு வந்தன. பெயர் ஐந்நூற்றைம்பது என்று சொன்னாலும் உள்ளே இருப்பவை 547 கதைகள். விகாரைச் சுவர் ஓவியங்களும் பௌர்ணமி நாள் ‘பண’ உரைகளும் அவற்றை எழுத்தறியாதவரிடமும் கொண்டு சேர்த்தன. மூன்றாவது வாய்மொழிக் கதைகள். இவற்றைப் பெரிய அளவில் திரட்டியவர் இலங்கை நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர். குளங்களைத் தேடி வன்னிக்காட்டிலும் வடமேற்கு மாகாணத்திலும் அலைந்த அவர், போன இடங்களில் கதையும் கேட்டு எழுதிவைத்தார். 1910-இல் ஒன்றும் 1914-இல் இரண்டுமாக மூன்று தொகுதிகள் வெளிவந்தன. உழவர், வேடர், குயவர், வண்ணார், மேளம் கொட்டுவோர் எனக் கதை சொன்னவரின் சாதியையும் அவர் குறித்துவைத்தது பிற்கால ஆய்வுக்குப் பெரிய உதவி.

இராமநாதபுரம் கரைக்கு இந்தக் கதைகள் தொலைதூரத்துச் சரக்கல்ல. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை அந்த இடைவெளியில் நீராவிக் கப்பல் ஓடியது. ‘கொழும்புக்குப் போறேன்’ என்று மகன் கிளம்புவது கீழக்கரை வணிகர் வீட்டிலும், மண்டபம் முகாம் வழியாகத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன உழவர் வீட்டிலும் நடந்த சங்கதி. இக்கரைக்காரர் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் அலை குறைந்த பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் இரு கரையிலும் ஒத்திருக்கும் கதைகளெல்லாம் தோணி ஏறிப் போனவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பல கதைகள் பாலி வழியாக வடக்கிலிருந்து அங்கும், வடமொழி வழியாக இங்கும் தனித்தனியே வந்தவை. கடல் கடந்து போனதற்கு உறுதியான தடயம் உள்ளவை சிலவே.

சிங்கள மரபில் தாய்க்கும் மகனுக்கும் உள்ள உறவு பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கருவுற்றவளின் ஆசையைச் சிங்களத்தில் ‘தொல துக்’ என்பார்கள், தமிழில் மசக்கை. தமிழ்நாட்டில் மசக்கைக்காரி மாங்காயும் புளியும் சாம்பலும் கேட்பாள். அக்கரைக் கதைகளில் அவள் கேட்பதெல்லாம் வயிற்றுக்குள் இருப்பவனின் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. சிங்கள மன்னன் துட்டகைமுனுவைச் சுமந்த விகாரமாதேவியின் ஆசைகள் மகாவம்சத்தில் விரிவாக வருகின்றன. மாட்டளவு தேனடையைத் துறவிகளுக்குக் கொடுத்து மீந்ததை உண்ண வேண்டும். எல்லாளனின் வீரன் ஒருவன் தலையை வெட்டிய வாளைக் கழுவிய நீரை, அந்தத் தலைமேல் நின்று குடிக்க வேண்டும். அனுராதபுரத்துத் தாமரையை வாடாமல் சூட வேண்டும். எல்லாளன் தமிழ் மன்னன் என்பதால் இந்தப் பகுதி பிற்கால அரசியலில் எப்படியெல்லாம் பயன்பட்டது என்பது தெரிந்ததே. கதையின் இலக்கணத்தை மட்டும் பார்த்தால், தாய் இங்கே மகனின் வாய். அவன் இன்னும் பேச முடியாததை அவள் பேசுகிறாள். முகமூடி ஆட்டமான கோலம் தோன்றிய கதையும் இதே வகையில்தான் சொல்லப்படுகிறது. மகாசம்மத மன்னனின் அரசி கருவுற்றபோது முகமூடி ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டாள், அதற்காகவே கோலம் பிறந்தது என்பார்கள் தென்னிலங்கைக் கலைஞர்கள்.

அந்த விகாரமாதேவியே மகனைத் தேடிப் பிடித்தவள். பிள்ளையில்லாத அவள், சாகக் கிடந்த ஓர் இளந்துறவியிடம் போய், தன் வயிற்றில் வந்து பிறக்கும்படி மன்றாடினாள். அவர் பல முறை மறுத்து, கடைசியில் இசைந்தார். கட்டிலில் கைகால் முடக்கிப் படுத்திருக்கும் சிறுவனைத் தடவிக்கொடுத்து ‘ஏன் இப்படிக் கிடக்கிறாய்’ என்று அவள் கேட்கும் காட்சியைச் சிங்களக் குழந்தைகள் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். ஆற்றுக்கு அப்பால் தமிழர், இப்பால் கடல், எப்படி நீட்டிப் படுப்பது என்பது அவன் விடை. அதே நூலில் தந்தை இறந்தவுடன் இளையவன் சத்தாதீசன் கண்டுல என்ற யானையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். அவ்விருவரையும் திருப்பித் தரும்படி மூத்தவன் ஆளனுப்ப, தம்பி மறுக்க, அண்ணன் தம்பிக்குள் போர் மூள்கிறது. பட்டத்து யானைக்கு நிகராகத் தாய் எண்ணப்பட்டாள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அவளைக் கேட்டார்களா என்று நூல் சொல்வதில்லை.

தந்தையைப் பற்றிய ரகசியம் தாயிடம் இருப்பது அடுத்த பெரிய இழை. சிங்கபாகுவின் கதையே இதற்கு மூலம். வங்க நாட்டு இளவரசியின் மகன் அவன். தாய் சுப்பாதேவி, தகப்பனோ சிங்கம். குகை வாசலைப் பாறையால் அடைத்துவிட்டுச் சிங்கம் இரைதேடப் போகும். பதினாறு வயதில் மகன் கேட்கிறான்: நீயும் அப்பாவும் ஏன் இப்படி வேறுவேறாக இருக்கிறீர்கள்? தாய் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவன் பாறையைப் புரட்டித் தள்ளி, தாயையும் தங்கை சிங்கசீவலியையும் தோளில் சுமந்து வெளியேறுகிறான். பிள்ளைகளைத் தேடி ஊர்களைக் கலக்கும் சிங்கத்தைக் கொல்பவனுக்கு அரசன் பரிசு அறிவிக்கிறான். முதலில் ஆயிரம், பிறகு இரண்டாயிரம். இரண்டு முறையும் தாய் மகனைத் தடுத்துவிடுகிறாள். மூன்றாயிரம் என்றபோது அவன் தாயைக் கேட்காமலே பரிசை ஏற்றுக் கிளம்புகிறான். மகன் மேலுள்ள பாசத்தால் அம்பு மூன்று முறை சிங்கத்தின் நெற்றியில் பட்டுத் திரும்பி விழுந்தது, அதற்குச் சினம் வந்த பிறகே உடலைத் துளைத்தது என்று மகாவம்சம் சொல்கிறது. இந்தக் கதையைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அம்பில் நின்றுவிடுகிறார்கள். ‘தாயைக் கேட்காமல்’ என்ற அந்தச் சிறிய தொடரில்தான் கதை திரும்புகிறது.

எதிரிவீர சரச்சந்திர இதை 1961-இல் ‘சிங்கபாகு’ என்ற நாடகமாக மேடையேற்றினார். நாடகத்தில் பார்ப்பவர் நெஞ்சைப் பிடிப்பது சிங்கத் தந்தையின் புலம்பல். தமிழ்நாட்டில் அதே ஆண்டில் வெளிவந்த படத்தின் பெயர் ‘தாய் சொல்லைத் தட்டாதே’. அதன் கதாநாயகன் எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்து, தகப்பனை இழந்து, தாயோடு கும்பகோணம் வந்தவர் என்பது தற்செயல்தான்.

பண்டுகாபயன் கதையில் ரகசியம் உயிர்காக்கிறது. உன்மாத சித்ராவின் மகன் தன் மாமன்மாரைக் கொல்வான் என்று சோதிடம் சொன்னதால் அவளை ஒற்றைத் தூண் மாளிகையில் அடைத்துவைத்தார்கள். அப்படியும் தீககாமணியால் கருவுற்றாள். ஆண் பிறந்தால் கொன்றுவிடுவது என்று அண்ணன்மார் தீர்மானித்திருந்தார்கள். அதே நாளில் பெண் பெற்ற இன்னொருத்திக்கு ஆயிரம் பொன் கொடுத்துப் பிள்ளையை மாற்றிக்கொண்டாள் சித்ரா. மகனைக் கண்ணால் பாராமலே தொலைவிலிருந்து பொருள் அனுப்பி வளர்த்தாள். கண்ணன் கதை தெரிந்தவருக்கு இதன் சாயல் உடனே பிடிபடும். வேறுபாடும் உண்டு: தேவகி சிறையில் கையறு நிலையில் இருந்தாள், சித்ரா பேரம் பேசினாள்.

கடலுக்கு வந்தால் இந்த மரபு தன் முழு வலிமையைக் காட்டுகிறது. ஜாதகத் தொகுப்பில் இரண்டு கதைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இரண்டிலும் மகன் கடலேற விரும்புகிறான், தாய் வேண்டாம் என்கிறாள்.

முதலாவது மகாஜனகன் கதை. போரில் கணவனை இழந்த அரசி, வயிற்றுப் பிள்ளையோடு மிதிலையிலிருந்து தப்பி வேற்றூரில் ஒளிந்து வாழ்கிறாள். ‘கைம்பெண் மகன்’ என்று விளையாட்டுப் பிள்ளைகள் ஏசுகிறார்கள். ஒரு நாள் பால் குடிக்கும்போது மகன் அவள் மார்பைக் கடித்துக்கொண்டு, தகப்பன் யாரென்று சொல், இல்லாவிட்டால் விடமாட்டேன் என்கிறான். பாலும் ரகசியமும் ஒரே இடத்திலிருந்து பிடுங்கப்படும் இந்தக் காட்சிக்கு ஈடான இன்னொன்று அந்தத் தொகுப்பில் இல்லை. வளர்ந்த மகன், இழந்த நாட்டை மீட்கப் பொருள் தேட வேண்டும், சுவர்ணபூமிக்குக் கப்பலேறப் போகிறேன் என்கிறான். தாய், கடலில் வெற்றி கொஞ்சம், ஆபத்து அதிகம், என்னிடம் உள்ள மணியும் முத்துமே போதும் என்கிறாள். அவன் அவள் செல்வத்தில் பாதியைப் பெற்று, அவளை வணங்கி, விடைபெற்றுப் போகிறான். கப்பல் உடைகிறது. ஏழு நாள் நீந்துகிறான். கடல்காக்கும் தெய்வம் மணிமேகலை ஏழாம் நாள்தான் அவனைக் கண்டு, மிதிலைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறது.

அந்தத் தெய்வத்துக்கு உலகபாலர் இட்ட பணி என்ன என்பதைக் கதை சொல்லும் விதம் கவனிக்கத் தக்கது. தாயைப் போற்றுதல் முதலிய நற்குணங்கள் உடையவர் கடலில் மாளத் தகாதவர், அவர்களைக் காப்பாற்று என்பதே கட்டளை. தமிழ்க் காப்பியங்களில் வரும் மணிமேகலா தெய்வமும் இதுவே. கப்பல் உடைந்து கடலில் தத்தளித்த கோவலனின் முன்னோன் ஒருவனை அது கரைசேர்த்தது. அந்த உதவியின் நினைவாகவே மாதவி மகளுக்கு அந்தப் பெயர் வந்தது. வங்கக் கடலின் இரு கரையும் ஒரே தெய்வத்தை நம்பிக் கப்பலோட்டியதற்கு இது நல்ல சான்று. முன்னே சொன்ன ‘உறுதியான தடயம்’ உள்ள சிலவற்றில் இதுவும் ஒன்று.

இரண்டாவது மித்தவிந்தகன் கதை. செல்வனின் மகன், தகப்பன் இல்லை. தாய் பணம் கொடுத்துத்தான் அவனை நோன்பிருக்கச் செய்கிறாள், பணம் கொடுத்துத்தான் அறவுரை கேட்க அனுப்புகிறாள். அவன் கப்பலேறக் கிளம்பும்போது, நீ எனக்கு ஒரே பிள்ளை, வீட்டில் பொருளுக்குக் குறைவில்லை என்று கையைப் பிடிக்கிறாள். அவன் கையை உதறி, அவளை அடித்துத் தள்ளிவிட்டுப் போகிறான். ஏழாம் நாள் நடுக்கடலில் கப்பல் அசையாமல் நின்றுவிடுகிறது. யாரால் இந்தக் கேடு என்று சீட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். மூன்று முறையும் அவன் பெயரே வருகிறது. கட்டுமரம் ஒன்றில் ஏற்றிக் கடலில் விடுகிறார்கள். அவன் தீவு தீவாகப் போகிறான். நான்கு பெண்கள், எட்டுப் பெண்கள், பதினாறு, முப்பத்திரண்டு என ஒவ்வொரு தீவிலும் இன்பம் கூடுகிறது. போதாதென்று மேலும் போய், நான்கு வாசல் நகரம் ஒன்றில் நுழைகிறான். அங்கே ஒருவன் தலையில் சுழலும் கத்திச் சக்கரம் இவன் கண்ணுக்குத் தாமரைப் பூவாகத் தெரிகிறது. அதை எனக்குக் கொடு என்று கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறான்.

தாய் இந்தக் கதையில் எங்கும் சாபமிடவில்லை. அடிபட்டு விழுந்ததோடு அவள் பங்கு முடிந்துவிடுகிறது. கப்பலை நிறுத்தியது அவன் செய்த வினை. தமிழ்நாட்டுக் கதையாக இருந்திருந்தால் தாய் மண்ணை வாரித் தூற்றியிருப்பாள், அல்லது செத்துத் தெய்வமாகிக் கேட்டிருப்பாள். பௌத்தக் கதை அந்த வேலையை அவளிடமிருந்து எடுத்துவிடுகிறது. இதனால் தாய் தூயவளாகிறாள், அதே அளவுக்கு வலுவிழந்தும் போகிறாள். மீனவர் தொழிலைத் தெரிந்தவருக்கு இந்தக் கதையில் வேறொன்றும் தெரியும். கடலுக்குப் போகிறவன் இக்கரையில் ‘போறேன்’ என்று சொல்வதில்லை, ‘போயிட்டு வாறேன்’ என்பான். சிங்களத்திலும் ‘கிஹின் என்னம்’, அதாவது ‘போய் வருகிறேன்’ என்பதே வழக்கு. பயணம் போகும் பிள்ளை தாய் காலில் விழுந்து கும்பிட்டுப் புறப்படுவதும் அங்கே இன்றுவரை உண்டு. மித்தவிந்தகன் தவறவிட்டது அந்த இரண்டு சொல்லைத்தான்.

மருமகள் வந்ததும் உறவு இன்னொரு வாசலில் நிற்கிறது. காச்சானி ஜாதகத்தில் மகன் திருமணமே வேண்டாம், உன்னைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்கிறான். தாய்தான் வற்புறுத்திப் பெண் பார்க்கிறாள். வந்தவள் சூழ்ச்சி செய்து மாமியாரைத் துரத்துகிறாள், மகனும் விட்டுவிடுகிறான். துரத்தியவளுக்கு நல்வாழ்வும் பிள்ளைப்பேறும் கிடைப்பதைக் கேட்ட கிழவி, தருமம் செத்துப்போயிற்று, அதற்குத் திதி கொடுக்கப் போகிறேன் என்று சுடுகாட்டில் எள்ளும் அரிசியும் வைத்து உலை மூட்டுகிறாள். அக்கினி தீர்த்தக் கரையில் அமாவாசைதோறும் மகன்கள் தாய் தந்தையருக்குப் பிண்டம் வைப்பதைக் காணும் இராமேசுவரத்துக்காரருக்கு இந்தக் காட்சியின் கசப்பு சொல்லாமலே விளங்கும். இந்திரனான சக்கன் இறங்கிவந்து மகன் மனத்தையும் மருமகள் மனத்தையும் மாற்றுவதாகக் கதை முடிகிறது. முடிவு பலவீனமானது. உலைமூட்டும் கிழவிதான் நினைவில் நிற்கிறாள்.

தமிழ்க் கதைகள் இதே சிக்கலைத் தெய்வங்களின் தலையில் ஏற்றிவைக்கின்றன. அம்மாவைப் போல அழகான பெண் கிடைத்தால்தான் கல்யாணம் என்று குளத்தங்கரையில் பிள்ளையார் காத்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தில் ஆரியமாலையைக் கேட்கும் மகனுக்குத் தாய் முத்துமாரி சோதனைமேல் சோதனை வைக்கிறாள். அவன் கழுமரம் வரை போக வேண்டியிருக்கிறது. காச்சானி ஜாதகத்தின் தாயோடு ஒப்பிட்டால் முத்துமாரி மகனை எளிதில் விடாதவள். ஈழத்தின் வடக்கும் தெற்கும் ஒரே தீவானாலும் இந்த இடத்தில் யாழ்ப்பாணம் இராமநாதபுரத்தோடு சேர்கிறது.

இந்த உறவைப் பற்றிப் பேசிய அறிஞருள் இருவர் முக்கியமானவர்கள். ஏ.கே. ராமானுஜன் ‘இந்திய ஈடிபஸ்’ என்ற கட்டுரையில், வடகர்நாடகத்தில் பார்வை மங்கிய ஒரு பெண்மணி சொன்ன கதையை எடுத்துக்கொண்டார். தன் மகனையே மணக்க நேரும் என்ற விதியோடு பிறந்த பெண், உண்மை தெரிந்த பிறகு தொட்டில் பிள்ளைக்கு அவன் தனக்கு எத்தனை முறையில் உறவு என்று தாலாட்டுப் பாடிவிட்டு உயிரை விடுகிறாள். கிரேக்கக் கதை மகன் பக்கம் நின்று சொல்லப்படுகிறது, இந்தியக் கதை தாய் பக்கம் நிற்கிறது என்பது ராமானுஜனின் கூற்று. இலங்கையரான கணநாத் ஒபயசேகர, இந்தியக் கதைகளில் பெரும்பாலும் தந்தைக்கு மகன் பணிகிறான் என்றும், சிங்கள மரபில் சிங்கபாகுவும் சீகிரியாவின் காசியப்பனும் தந்தையைக் கொன்றவர்களாக நடுவிடத்தில் நிற்கிறார்கள் என்றும் சுட்டினார். இரண்டும் வலுவான கருத்துகள். ஆனாலும் வாய்மொழிக் கதைகளைவிட அரச கதைகளையே ஒபயசேகரவின் வாதம் அதிகம் சார்ந்திருக்கிறது. பார்க்கர் கேட்ட குடிசைகளில் கொல்வதற்குத் தகப்பனே கிடையாது.

மகன் தாயை இழக்கும் கதைகள் இருண்டவை. குவேனி இவற்றுள் முதலாமவள். சிங்கபாகுவின் மகன் விஜயனுக்கு ஆட்சியைப் பிடித்துத் தந்த இயக்கி அவள். பட்டம் சூட்டிக்கொள்ள அரசகுலப் பெண் வேண்டும் என்று மதுரைக்கு ஆள்போகிறது. பாண்டியன் மகள் பரிவாரத்தோடு மாதோட்டத்தில் இறங்குகிறாள். அது இராமேசுவரத்துக்கு நேர் எதிர்க்கரை. குவேனி தன் இரு பிள்ளைகளோடு துரத்தப்படுகிறாள். பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு இயக்கர் நகருக்குள் போகிறவளைத் துரோகி என்று அடித்துக் கொல்கிறார்கள். மாமன் ஒருவன் பிள்ளைகளைத் தப்பியோடச் சொல்ல, அவர்கள் சிவனொளிபாத மலைப்பக்கம் போய் மலைக்குடிகளின் முன்னோர் ஆகிறார்கள். மதுரையிலிருந்து போன அரசிக்கோ பட்டத்துக்கு மகன் இல்லை. விஜயன் வாரிசின்றிச் சாகிறான். குவேனியின் சாபம் அடுத்து வந்த மன்னன் பண்டுவாசுதேவனைப் பிடித்தது என்றும், அதைத் தீர்க்கவே ‘கொஹொம்ப கங்காரிய’ சடங்கு தோன்றியது என்றும் கண்டி நாட்டு ஆட்டக்காரர் சொல்வார்கள். ஜாதகத் தாய் சாபமிடாதவள் என்று மேலே சொன்னதற்குக் குவேனி விலக்கு. அவள் விகாரைக்குள் வராத தாய் என்பதே காரணமாக இருக்கலாம்.

சன்னி யகும என்ற நோய்தீர்க்கும் சடங்கின் பிறப்புக்கதை இன்னும் கடுமையானது. கருவுற்ற அரசி ஒருத்தி பொய்ப்பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்படுகிறாள். அவள் பிணத்திலிருந்து பிறந்த குழந்தை தாயின் உடலையே உண்டு சுடுகாட்டில் வளர்கிறது. பிறகு நஞ்சுகளைத் திரட்டி உருட்டிப் பதினெட்டு நோய்ப்பேய்களை உண்டாக்கி, தகப்பனின் விசாலை நகரை அழிக்கப் போகிறது. அதுவே கோல சன்னி யகா. புத்தர் தடுத்த பிறகே அடங்குகிறது. தென் தமிழ்நாட்டு வில்லுப்பாட்டில் வரும் சுடலைமாடனும் பச்சைக் குழந்தையாக இருக்கையில் இரவில் தொட்டிலைவிட்டு இறங்கிப்போய்ச் சுடுகாட்டுப் பிணம் தின்பவன். அங்கே பார்வதி உயிரோடு இருக்கிறாள். பிணவாடை பொறுக்காமல் மகனைக் கைலாசத்தைவிட்டு அனுப்பவேண்டி வருகிறது. ஒரு கதையில் மகன் தாயை உண்டு அவளுக்காகப் பழிவாங்குகிறான், இன்னொன்றில் உண்டதற்காகத் தாயைப் பிரிகிறான். இரண்டு மகன்களும் கடைசியில் ஊரார் படையல் போட்டுச் சமாதானம் செய்ய வேண்டிய தெய்வங்களாகிறார்கள்.

வரலாற்றுக் காலத்துக்கு வந்தால் 1814-இல் கண்டியில் நடந்தது கதையாகவே ஆகிவிட்டது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வழியினன். பின்னர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832-இல் அங்கேயே இறந்தவன். தன்னை எதிர்த்த எஹெலபொலவின் மனைவியையும் பிள்ளைகளையும் அவன் கொல்லச்செய்தான். மூத்தவன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொண்டபோது இளையவன் மத்தும பண்டார முன்னே வந்து, பயப்படாதே அண்ணா, எப்படிச் சாவது என்று நான் காட்டுகிறேன் என்றான் என்பது வழங்கும் செய்தி. 1821-இல் ஜான் டேவி எழுதிய நூலிலேயே இது இடம்பெற்றுவிட்டது. சிங்களப் பள்ளிகளில் மத்தும பண்டார வீரச்சிறுவன். தாயைப் பற்றிக்கொண்ட மூத்தவனை யாரும் பாடவில்லை.

கேலிக் கதைகளிலும் தாய்க்கு இடமுண்டு. அரசவைக் கோமாளி அந்தரே, நம் தெனாலிராமனுக்குத் தம்பி முறை. பாயில் காயும் சர்க்கரையை மணல் என்று அரசன் சொல்லிவிடுகிறான். அந்தரே வீட்டுக்குப் போய் மகனிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்புகிறான். சற்று நேரத்தில் மகன் ‘அம்மா செத்துப்போனாள்’ என்று அலறிக்கொண்டு ஓடிவர, இனி எங்கள் வாயில் மண்தான் என்று தகப்பனும் மகனும் சர்க்கரையில் விழுந்து அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். தாய் போனால் வாயில் மண் என்ற வழக்கு இரு மொழிக்கும் பொது என்பதால் இந்தக் கதை தமிழில் ஒரு சொல் மாறாமல் சிரிக்கவைக்கும். காதலிக்காகத் தாயின் இதயத்தை அறுத்துக்கொண்டு ஓடும் மகன் தடுக்கி விழ, அந்த இதயம் ‘வலித்ததா மகனே’ என்று கேட்ட கதை வேறு வகை. மேடைகளில் அது பழங்கதையாக உலவினாலும், 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் ஜான் ரிஷ்பேனின் பாடலிலிருந்து பரவியது. அந்த அளவு கண்ணீரை நாட்டார் கதைகள் கேட்பதில்லை.

பாலே இந்த உறவின் அடிப்படை அளவு. தாயின் குருதிதான் அன்பால் பாலாகிறது என்பது சிங்களரின் நம்பிக்கை, இக்கரையிலும் அப்படியே. அந்தக் கடனை அடைக்கப் புத்தரே தேவலோகம் போய், அங்கே பிறந்திருந்த தாய்க்கு ஒரு மழைக்காலம் முழுவதும் அபிதம்மம் உரைத்தார் என்பதைச் சுவரோவியங்கள் பல காட்டுகின்றன. ஊர்மட்டத்தில் இதன் வடிவம் ‘கிரி அம்மா’ தானம். கிரி என்றால் பால். குழந்தைக்கு நோய் வந்தால் பிள்ளைபெற்று வளர்த்த மூத்த பெண்கள் எழுவரை அழைத்துப் பாற்சோறு படைத்து வாழ்த்துப் பெறுவார்கள். தமிழ்நாட்டில் ஏழு கன்னிமாருக்குப் படையல் போடுகிற இடத்தில் அங்கே ஏழு பால்தாய்மார் அமர்கிறார்கள். கண்ணகியும் அக்கரை சேர்ந்தபின் ‘பத்தினி மெணியோ’, அதாவது பத்தினித் தாய், ஆனாள். பிள்ளை பெறாத அவளை நோய் வந்த பிள்ளைகளுக்காக ஊரே தாய் என்று அழைக்கிறது.

கத்தோலிக்கம் வந்தபோது கரையோரச் சிங்களருக்கும் தமிழருக்கும் ஒரே தாய் கிடைத்தாள். கோவாவிலிருந்து 1705-இல் இலங்கை வந்து 1742-இல் அங்கேயே இறந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் இரு மொழியிலும் நூல் செய்தவர். இயேசுவின் பாடுகளையும் சிலுவையடியில் நிற்கும் மரியாளின் துயரையும் தமிழில் ‘வியாகுலப் பிரசங்கம்’ என்றும் சிங்களத்தில் ‘துக்பிராப்தி பிரசங்கய’ என்றும் எழுதினார். தவக்காலத்தில் யாழ்ப்பாண, மன்னார் ஊர்களில் முன்னதைக் கூடியிருந்து வாசிப்பார்கள். நீர்கொழும்புப் பக்கத்து மீனவக் கிராமங்களில் அதே தவக்காலத்தில் ‘பசன்’ இழுத்து இழுத்துப் பாடப்படும். மகன் சாவதற்கு முன் தாயைத் தன் சீடனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். இந்த ஒரு கதையில் மட்டும், விடைபெறும் மகனே தாய்க்கும் ஓர் இருப்பிடம் செய்துவைக்கிறான்.